பின்வாசல் மோர்

கலவைப் பக்கம் அந்தக் காலத்தில் பசு காளைக்கன்று போட்டால்தான் வீட்டில் சந்தோஷம். நெல்லும் வேர்க்கடலையும் கிணற்றை நம்பி. கிணறு மாடு கட்டி இறைக்கும் கவலையை நம்பி. இரும்புச் சால், அதன் அடியில் தோல் தும்பி, சரிவில் இறங்கி ஏற ஒரு ஜோடி மாடு. செத்த மாட்டின் தோல் சேரி வழியாக ராணிப்பேட்டைக்குப் போகும். ஆவாரம்பட்டையில் பதப்பட்டுக் கப்பலேறும். பால் கணக்கெல்லாம் கடைசியில்தான்.

பெரிய பண்ணை வீடுகளில் வெண்ணெய் எடுத்து நெய் உருக்கியது போக மிஞ்சிய மோரைப் பின்வாசலில் ஊற்றுவார்கள். என் அம்மா சொம்போடு போய் நின்றிருக்கிறாள். காசு வாங்கமாட்டார்கள், ஆனால் அறுப்பென்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்கவேண்டும். இதைத்தான் தர்மம் என்றார்கள்.

எங்களுக்கு மாடு வந்தது பங்கு வாரத்தில். பெரிய வீட்டுக் கிடேரியை ஓட்டிவந்து வளர்ப்போம். கன்று ஈன்றதும் விலை மதித்துப் பாதிப்பாதி. புல்லறுப்பு, தவிடு, ராத்திரி காவல் எல்லாம் எங்கள் பொறுப்பு. மதிப்புப் போடும் அன்று மாடு கொஞ்சம் இளைத்துத் தெரிந்தால் போதும், தீனியை நாங்களே தின்றுவிட்ட மாதிரி பேசுவார்கள்.

கரண்ட் மோட்டார் வந்ததும் கவலை நின்றது. மதராஸ் போன்ற பெருநகரங்களுக்குப் பால் சேர்க்க 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கியது. பிறகு ஊருக்கு ஊர் பால் சொசைட்டி, 1981இல் ஆவின் இணையம். சினை ஊசியில் ஜெர்சி கலப்பு வந்தது. எங்கோ ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் தீவு, அதன் பேர் எங்கள் தொழுவத்தில்! அந்தக் காளைக்கன்றுக்குத் திமில் சரியாக எழும்பாது, நுகத்தடி கழுத்தில் சரியாக நிற்காது. ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வளர்த்த காளைக்கன்றைப் பால் மறந்ததும் பொய்கை செவ்வாய்ச் சந்தைக்கு ஓட்டினோம்.

சொசைட்டி வரிசையில் பெரிய வீட்டுப் பாலிலும் எங்கள் பாலிலும் மிதந்தது ஒரே லாக்டோமீட்டர். டிகிரி குறைந்தால் யாராயிருந்தாலும் காசு குறையும். பால் காசானதும் பின்வாசல் மோர் நின்றது. தெருக் கிழவிகள் அங்கலாய்த்தார்கள். என் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படியாட்களின் பிள்ளைகள் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போனபின் பெரிய தொழுவங்களில் சாணம் அள்ள ஆளில்லை. இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் ஒரு பெண்பிள்ளை போதும். 2011இல் அரசாங்கமே இலவசக் கறவை மாடு கொடுத்ததும் பெண்களை நம்பித்தான்.

புண்ணாக்கு விலையைக் கழித்தால் சாணம்தான் லாபம் என்கிறாள் என் மருமகள். அதையும் டிராக்டர் லோடாக வாங்கிப்போவது பெரிய வீட்டுக்காரர்கள்தான். முன்பணம் கொடுக்காமல் அவள் ஏற்றவிடுவதில்லை.