அலுமினியத்தின் 15, வெள்ளியின் 9

1941-ல் ஜெர்மனியில் ருதெமான் என்பவர் மிக மெல்லிய அலுமினியத் தகட்டின் வழியே எலக்ட்ரான்களைச் செலுத்தி, அவை எவ்வளவு ஆற்றலை இழந்து வெளியே வருகின்றன என்று அளந்தார். இழப்பு ஏறத்தாழ 15 எலக்ட்ரான் வோல்ட். இல்லையென்றால் அதன் இரு மடங்கு, மும்மடங்கு... சில்லறையே கிடையாது, எல்லாம் முழு நோட்டு!

விளக்கம் வர பத்து வருடம் ஆனது. பிரின்ஸ்டனில் டேவிட் போமும் அவருடைய மாணவர் டேவிட் பைன்ஸும் சொன்னது இதுதான்: உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கூட்டமாக அலைபோல ஆடுகின்றன. பிளாஸ்மான் என்ற அந்த ஆட்டத்தைப் பாதி விலைக்கு வாங்க முடியாது.

கட்டுரைகள் 1951 முதல் 1953 வரை வந்தன. இதற்கிடையில் போமின் கதை வேறு மாதிரி போனது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்ல மறுத்ததற்காக 1950-ல் கைதானார். 1951-ல் வழக்கிலிருந்து விடுதலை கிடைத்தது, வேலைதான் திரும்பக் கிடைக்கவில்லை. மூன்றாவது கட்டுரை வந்தபோது அவர் பிரேசிலில் இருந்தார்.

அலுமினியத்துக்குக் கணினியே வேண்டாம். அணுவுக்கு 3 கட்டற்ற எலக்ட்ரான் என்று வைத்து சூத்திரத்தில் போட்டால் 15.8 வரும். வெள்ளிதான் மானத்தை வாங்கியது. கணக்கில் 9, சோதனையில் 3.8! உள்ளே இருக்கும் டி எலக்ட்ரான்களும் குறுக்கிடுவதே காரணம். அவற்றையும் சேர்த்துக் கணக்கிட மென்பொருள் தேவைப்பட்டது. ருங்கே, கிராஸ் இருவரும் 1984-ல் தந்த கோட்பாடு அதற்கு வழி திறந்தது. அதிலும் எளிய தோராயத்தைப் போட்டால் வெள்ளியின் சிகரம் 3.8-க்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது.