காலைக் கடிக்காமல், கையையும் கடிக்காமல்: சுவரேறும் காலணி வாங்குவது எப்படி?

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் நம்மில் பலர் 272 படிகளை ஏறி, முருகனைக் கும்பிட்டு, கீழே இறங்கி வந்துவிடுகிறோம். அதே சுண்ணாம்புக் குன்றின் இன்னொரு பக்கத்தில், குவா டாமாய் பகுதியில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறும் இளைஞர்களைப் பார்த்தவர்கள் குறைவு. அந்த விளையாட்டு இப்போது குளிர்சாதனக் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. பெட்டாலிங் ஜெயா ஒன் உத்தாமா பேரங்காடியில் கேம்ப் ஃபைவ், சிங்கப்பூர் காலாங் வேவ் பேரங்காடியில் கிளைம்ப் சென்ட்ரல் என்று இத்தகைய கூடங்கள் நகரங்களில் இருக்கின்றன. தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகவும், பின்னர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுவரேற்றம் இடம்பெற்ற பிறகு, நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளி நண்பர்களோடு போய்ப் பார்க்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து, “அப்பா, எனக்குச் சொந்தமா ஷூ வேணும்” என்கிறார்கள்.

விலையைக் கேட்டால் பெற்றோருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் உள்ள நாட்டில் 450 வெள்ளிக்கு ஒரு காலணி என்றால் சும்மாவா? அதைவிட மோசம், அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய காலணி காலைக் கடித்து, பிள்ளை விளையாட்டையே விட்டுவிடுவது. இரண்டையும் தவிர்க்க முடியும்.

முதலில் வாடகைக் காலணி

முதல் இரண்டு மூன்று மாதம் காலணி வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பெரும்பாலான கூடங்கள் சில வெள்ளிக்குக் காலணியை வாடகைக்குத் தருகின்றன. அவை பார்க்க அழகாக இருக்காது. பலர் போட்டுப் போட்டு நைந்திருக்கும். ஆனால் தட்டையான அடியும் தடித்த ரப்பரும் கொண்டு, தொடக்க நிலையில் உள்ளவருக்கென்றே செய்யப்பட்டவை. மெல்லிய காலுறை ஒன்றைக் கொண்டுபோனால் அருவருப்பும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 7 வெள்ளி, புதுக் காலணி 280 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், நாற்பது தடவை போனால்தான் வாங்கிய காசு தேறும். வாரம் ஒருமுறை போகிறவருக்கு அது ஒன்பது மாதத்துக்கு மேல். மாதம் ஒருமுறை போகிறவருக்கு மூன்று வருடத்துக்கும் அதிகம். பிள்ளையின் கால் அதற்குள் இரண்டு அளவு வளர்ந்துவிடும். உங்கள் கூடத்தின் வாடகையை வைத்து இதே கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாடகைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு தடவையும் எந்த நிறுவனத்தின் காலணி, என்ன எண், எங்கே இறுக்கியது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டால், கடைக்குப் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

கம்போங் அடிடாஸ் போதாதா?

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. பால்மரம் சீவப் போனவர்களும் காட்டுப்பாதையில் நடக்கிறவர்களும் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் காலணி சேற்றில் வழுக்காது, பத்துப் பதினைந்து வெள்ளிக்கே கிடைக்கும். ஆனால் அதன் பிடிப்பு அடியில் இருக்கும் குமிழ்களில் இருக்கிறது. குமிழ் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். சுவரில் பதித்த சின்னப் பிடிமானத்தில் இறங்குவதற்கு மண் ஏது? அங்கே எவ்வளவு பரப்பு ஒட்டுகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. அதனால்தான் சுவரேறும் காலணியின் அடி வரியோ குமிழோ இல்லாமல் வழவழப்பாக இருக்கிறது. ஓட்டக் காலணியும் பள்ளிக் காலணியும் உதவாததற்கு வேறு காரணம்: அவற்றின் முன்பக்கம் தடிப்பாகவும் வளைவாகவும் இருப்பதால், பெருவிரல் எங்கே இருக்கிறது என்பதே சுவரில் தெரியாது.

அந்த வழவழப்பான அடியும் நமக்குப் பழக்கமான மரத்துப்பால் ரப்பர் மட்டும் அல்ல. செயற்கை ரப்பர் கலந்த ஒட்டும் கலவை. 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் நிறுவனம் இத்தகைய ஒட்டும் ரப்பரோடு ஒரு காலணியைக் கொண்டுவந்த பிறகுதான் பாறையேறுவோரின் காலணி அடியோடு மாறியது.

எவ்வளவு இறுக்கம்?

சுவரேறுபவர்களிடம் பேசினால் பத்தில் பாதிப் பேர் “வலிச்சாத்தான் நல்ல ஷூ” என்பார்கள். நானும் இதை நம்பி ஏமாந்தவன். மலிவு விற்பனையில், இணையத்தில், என் வழக்கமான எண்ணைவிட ஒன்றரை எண் குறைத்து, முனை கொக்கிபோல் கீழே வளைந்த காலணி ஒன்றை வாங்கினேன். இருபது நிமிடத்துக்கு மேல் போட முடியவில்லை. மூன்றாவது வாரம் பெருவிரல் நகம் கறுத்தது. கூடத்தில் முகப்பில் இருந்த தம்பி பார்த்துவிட்டு, “அண்ணே, இது மேல்கூரை மாதிரி சாய்ஞ்ச சுவருக்குப் போடுறது. நீங்க இன்னும் நேர் சுவரையே முடிக்கலையே” என்றார். பாதி விலைக்கு விற்றுத் தொலைத்தேன்.

இந்த நம்பிக்கையில் உண்மை கொஞ்சம் உண்டு. காலும் காலணியும் ஒன்றாக இயங்க வேண்டும். உள்ளே கால் நழுவினால் பிடிமானத்திலிருந்து கால் வழுக்கும். ஆனால் இறுக்கம் வேறு, வலி வேறு. போட்டியாளர்கள் மிக இறுக்கமான காலணியைச் சில நிமிடங்கள் போட்டு ஏறி, இறங்கியதும் கழற்றிவிடுகிறார்கள். நாம் ஒன்றரை மணி நேரம் காசு கொடுத்து விளையாடப் போகிறோம்.

சரியான அளவை இப்படிப் பாருங்கள். விரல்கள் முனையைத் தொட்டு, தட்டையாகவோ லேசாக மடங்கியோ இருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. குதிகாலில் காற்றிடம் இருக்கக்கூடாது. குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பைக் காலணியின் விளிம்பு அறுக்கக்கூடாது. பிறகு எழுந்து, பெருவிரல் முனையை ஒரு படியின் ஓரத்திலோ கடையில் இருக்கும் பிடிமானத்திலோ ஊன்றி முழு எடையையும் போட்டு நில்லுங்கள். விரலில் அழுத்தம் தெரியலாம். குத்தினால் அந்த எண் வேண்டாம். உட்கார்ந்தபடி பத்து நிமிடம் போட்டிருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அந்தக் கடையே வேண்டாம்.

மாலையில் போவது நல்லது. நம் வெயிலில் நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். பலர் ஏறப்போவதும் வேலை முடிந்த அந்த நேரத்தில்தான். நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள்.

எண்ணில் ஒரு குழப்பம் வரும். நாம் பள்ளிக் காலணி வாங்கிப் பழகியது பிரிட்டிஷ் எண்ணில். சுவரேறும் காலணிகள் பெரும்பாலும் ஐரோப்பிய எண்ணில் வருகின்றன. பிரிட்டிஷ் 7 ஏறக்குறைய ஐரோப்பிய 41. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் எண்ணைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான எண்ணில் தொடங்கி, இடம் இருந்தால் அரை எண் அரை எண்ணாக இறங்கிப் பாருங்கள்.

தோலா, செயற்கைத் துணியா என்பதும் அளவோடு சேர்ந்த விஷயம். உள்துணி இல்லாத தோல் காலணி போகப்போக ஏறக்குறைய ஒரு முழு எண் அளவுக்குக்கூட விரியும். உள்துணி தைத்த தோல் அதைவிடக் குறைவாக விரியும். செயற்கைத் துணியில் செய்தது பெரிதாக விரியாது. எனவே செயற்கைக் காலணி கடையிலேயே சௌகரியமாக இருக்க வேண்டும். “போடப்போடச் சரியாகிவிடும்” என்ற பேச்சை அங்கே நம்ப வேண்டாம்.

சிறுவயதில் வெறுங்காலோடும் சிலிப்பரோடும் வளர்ந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பக்கம் விரிந்திருப்பது வழக்கம். ஐரோப்பியக் காலணிகள் சில அவர்களுக்குப் பக்கவாட்டில் நெருக்கும். அப்போது எண்ணை ஏற்றினால் குதிகால் தொளதொளத்துவிடும். அகலமான வடிவம் உள்ள வேறு காலணியைக் கேளுங்கள், அல்லது கயிறு கட்டும் வகையைப் பாருங்கள்; முன்பக்கம் தளர்த்தி மேலே இறுக்கலாம். ‘பெண்கள் காலணி’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஒடுக்கமான பாதத்துக்கான வடிவம் என்றுதான் பொருள். ஒல்லியான பாதம் உள்ள ஆண் அதைப் போடுவதில் வெட்கம் எதற்கு?

என்ன வாங்கலாம்?

கூடத்துக்கு மட்டும் என்றால் தட்டையான அடி, சற்று விறைப்பான உடல், வெல்குரோ பட்டை. தொடக்கத்தில் விரல்களுக்கு வலு போதாது; விறைப்பான அடி அந்தச் சுமையைத் தாங்கும். உடல் எடை கூடியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெல்குரோ வேண்டும் என்பது, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இடையில் கழற்றி மாட்ட வசதி என்பதால். ரப்பர் 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால் நல்லது. புதியவர்கள் காலைச் சுவரில் உரசி இழுப்பார்கள், மெல்லிய ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

டெகாத்லன் கடைகளில் சிமோண்ட் என்ற பெயரில் வரும் காலணிகள் பெரும்பாலும் மலிவானவை. 200 வெள்ளியை ஒட்டியே தொடக்கநிலைக் காலணி பார்க்கலாம், நேரில் போட்டுப் பார்க்கவும் முடியும். அதற்கு மேல் 300, 400 வெள்ளி என்று போனால் லா ஸ்போர்டிவாவின் டரன்டுலேஸ், ஸ்கார்பாவின் ஒரிஜின், பிளாக் டயமண்டின் மொமென்டம், எவோல்வின் டிஃபை போன்றவை வரும். எல்லாமே சௌகரியத்துக்குப் பெயர்பெற்ற தொடக்கநிலைக் காலணிகள். மொமென்டம் காலணியின் மேல்பகுதி பின்னல் துணியால் ஆனதால் நம் புழுக்கத்துக்குக் காற்றோட்டம் தரும். 600 வெள்ளிக்கு மேல் இருக்கும் வளைந்த முனைக் காலணிகளின் பக்கம் முதல் வருடம் போகவே வேண்டாம். காலுக்குப் பொருந்திய 200 வெள்ளிக் காலணி, பொருந்தாத 700 வெள்ளிக் காலணியைவிட நன்றாக ஏறும்.

இணையத்தில் வாங்குவது தவறில்லை. ஆனால் அதே காலணியைக் கடையிலோ நண்பர் காலிலிருந்தோ போட்டுப் பார்த்த பிறகு, திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள விற்பனையாளரிடம் வாங்குங்கள். பழைய காலணி என்றால் பெருவிரல் முனையைத் தடவிப் பாருங்கள். அடி ரப்பர் தேய்ந்து, மேலே சுற்றியிருக்கும் மெல்லிய ரப்பர் விளிம்பில் ஓட்டை விழுந்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். தோல் காலணி முந்தையவரின் கால் வடிவத்துக்கு மாறியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க

பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட பெற்றோரும் சும்மா உட்காராமல் ஏற ஆரம்பிப்பதைப் பார்க்கிறேன், நல்லதுதான். ஆனால் மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம். பல வருடமாகச் சர்க்கரை இருந்தால் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும். காலணி கடிப்பதே தெரியாது, சின்னப் புண் ஆறாமல் பெரிதாகும். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறுக்கமான காலணியைப் போடவே கூடாது. அனுமதி கிடைத்தாலும் காலுறையோடு, ஒரு எண் தாராளமாகப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கு வரை பாருங்கள்.

பிள்ளைகளுக்கும் இறுக்கம் ஆகாது. வளரும் காலை நெருக்கினால் விரல் எலும்புகள் பாதிக்கப்படும். வருடக்கணக்கில் குறுகிய காலணியில் ஏறியவர்களுக்குப் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, மூட்டு வெளியே புடைப்பது மருத்துவர்கள் அறிந்த பிரச்சினை. விரல்கள் நேராக நீட்டியிருக்கும் அளவையே எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலணியைப் போடச் சொல்லி விரலைத் தொட்டுப் பாருங்கள்.

வாங்கிய பிறகு அதிகம் வேலை இல்லை. ஏறி இறங்கியதும் கழற்றிவிடுங்கள், அதோடு கழிவறைக்குப் போகாதீர்கள். ஈரத்துணியால் அடியைத் துடைத்தால் பிடிப்பு திரும்பும். நிழலில், காற்றில் காயட்டும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். சூட்டில் பசை இளகி அடி பிரிந்துவிடும். முனை ரப்பர் மெலிந்ததும், ஓட்டை விழுவதற்கு முன்பே, அடி மாற்றித் தருபவர் யார் என்று கூடத்தில் கேளுங்கள். மலிவுக் காலணிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாமல் போகலாம். அப்போது புதிதே மேல். மூத்த பிள்ளைக்குச் சிறுத்துப்போனது செயற்கைத் துணிக் காலணி என்றால், வடிவம் அவ்வளவாக மாறியிருக்காது. நன்றாகத் துடைத்துக் காயவைத்து இளைய பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள்.