குரங்குகளின் கொடுக்கல் வாங்கல்

குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் உணவு, உதவி, பேன் பார்த்தல் போன்றவற்றைத் தமக்குள் கொடுத்து வாங்கும் முறையையும், அதற்குத் தேவைப்படும் அறிவையும் ஆராயும் துறை. உளவியலும் காட்டுயிர் ஆய்வும் பொருளியலும் இதில் கலந்துள்ளன. வயது ஏறத்தாழ 90 ஆண்டுகள். இதன் திருப்பங்களில் பல முனைவர் பட்ட மாணவர்களின் கையால் நிகழ்ந்தவை. ஒரே கூட்டத்தின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்து, யார் யாருக்கு எத்தனை நிமிடம் பேன் பார்த்தது என்று குறித்துக்கொண்டிருக்க வேறு யாருக்கு நேரம் இருக்கிறது?

தொடக்கம் காட்டில் அல்ல, கூண்டில். அமெரிக்காவில் ராபர்ட் யெர்க்ஸ் உருவாக்கிய சிம்பன்சி ஆய்வகத்தில் ஜான் உல்ஃப் என்பவர் சூதாட்ட வில்லைகளைப் பணமாக்கிப் பார்த்தார். ரயில் நிலையத்து எடை இயந்திரம் போன்ற ஒரு பெட்டி. வில்லையைப் போட்டால் திராட்சை விழும். சிம்பன்சிகள் அதை விரைவில் கற்றன. வில்லைக்காகப் பளுவான கைப்பிடியைத் தூக்கி உழைத்தன. எதுவும் வாங்க முடியாத பித்தளை வில்லையைச் சீண்டாமல், பலன் தரும் வில்லையைத் தேர்ந்தன. 1936-இல் வெளியான இந்த ஆய்வைத் தொடர்ந்து, 1937-இல் ஜான் கவுல்ஸ், வில்லைகளைச் சேர்த்து வைத்துப் பிறகு மாற்றிக்கொள்ளவும் சிம்பன்சிகளால் முடியும் என்று காட்டினார்.

அதே ஆண்டில் மெரிடித் கிராஃபோர்ட் செய்த சோதனை அவ்வளவு பேசப்படவில்லை. ஆனால் இத்துறையின் வேர் அதில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். ஒற்றை ஆளால் இழுக்க முடியாத பெட்டி, அதன் மேல் உணவு, இரண்டு கயிறுகள். இரு சிம்பன்சிகளும் சேர்ந்து இழுத்தன. பிறகு ஒன்றுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு இரண்டையும் உள்ளே விட்டார்கள். வயிறு நிறைந்தது வேலையில் நாட்டமின்றி இருக்க, பசித்தது அதைத் தட்டித் தட்டிக் கயிற்றின் பக்கம் திருப்பியது. உல்ஃபின் சிம்பன்சி இயந்திரத்தோடு வணிகம் செய்தது. இங்கேயோ எதிர்த் தரப்பிலும் ஒரு சிம்பன்சி.

அடுத்த 30 ஆண்டுகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1971-இல் ராபர்ட் டிரிவர்ஸ், உறவினர் அல்லாத விலங்குகளுக்கு இடையிலும் ‘இன்று நான், நாளை நீ’ என்ற உதவி இயற்கைத் தேர்வால் நிலைபெற முடியும் என்று வாதிட்டார். கோட்பாடு கிடைத்துவிட்டது, இனிச் சான்று வேண்டும். 1977-இல் கிரெய்க் பேக்கர், கோம்பேக் காட்டின் பபூன் கடுவன்கள், மந்திக்காக நடக்கும் சண்டையில் மாறி மாறித் துணை நிற்பதாக எழுதினார். 1988-இல் பிரெட் பெர்கோவிச் அதை மறுத்தார்: துணைக்கு வரும் கடுவனும் அந்த மந்தியைத் தானே அடையலாம் என்றுதான் வருகிறது, இதில் கடன் எங்கே?

உண்மையான செலாவணி வேறு இடத்தில் இருந்தது. கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹைண்டின் மாணவராக பபூன் மந்திகளை ஆராய்ந்து பட்டம் பெற்ற ராபர்ட் சேஃபார்த், 1977-இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்: தாழ்ந்த தரத்து மந்திகள் உயர்ந்தவற்றுக்குப் பேன் பார்க்கப் போட்டியிடுகின்றன, பதிலாகச் சண்டையில் ஆதரவு எதிர்பார்க்கின்றன. ‘பேன் பார்த்தல்’ என்ற தமிழ்ச் சொல் இங்கே வெறும் உருவகம் அல்ல. ஜப்பானியக் குரங்குகள் மயிரைக் கிளறி எடுப்பது பெரும்பாலும் பேனின் ஈரே என்று 1993-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1984-இல் சேஃபார்த்தும் டோரதி செனியும் கென்யாவின் அம்போசெலியில் ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, ஒரு வெர்வெட் குரங்கின் உதவிக் குரலை இன்னொன்றுக்குக் கேட்கச் செய்தார்கள். உறவினர் அல்லாத அந்தக் குரங்கு சற்றுமுன் தனக்குப் பேன் பார்த்திருந்தால், கேட்ட குரங்கு குரல் வந்த பக்கம் கூடுதல் நேரம் பார்த்தது. ஃபிரான்ஸ் டி வால் 1997-இல் சிம்பன்சிகளிடம் இதற்கு இணையான ஒன்றைக் கண்டார்: காலையில் தனக்குப் பேன் பார்த்த சிம்பன்சிக்கு, இலைக்கட்டு கையில் இருக்கும் சிம்பன்சி பங்கு கொடுக்கும் வாய்ப்புக் கூடியது.

1994-இல் ரொனால்ட் நோயேயும் பீட்டர் ஹேமர்ஸ்டைனும் ‘உயிரியல் சந்தை’ என்ற கருத்தைக் கொண்டுவந்தபோது கேள்வியே மாறியது. யார் யாருக்குக் கடன்பட்டது என்பதை விட்டுவிட்டு, இன்றைய விலை என்ன என்று கேட்கத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்க பபூன்களில் பிறர் குட்டியைத் தொட்டுப் பார்க்க மந்திகளுக்குப் பேராசை; அதற்கு முதலில் தாய்க்குப் பேன் பார்க்க வேண்டும். கூட்டத்தில் குட்டிகள் குறைவாக இருந்தால் பார்க்க வேண்டிய நேரம் நீண்டது. இந்தோனேசியாவின் நீள்வால் குரங்குகளை ஆராய்ந்த மைக்கேல் கமர்ட், கடுவன்கள் பேன் பார்த்து இணைசேரும் வாய்ப்பை ‘வாங்குவதையும்’, சுற்றிலும் மந்திகள் அதிகமாக இருந்தால் அந்த நேரம் குறைவதையும் 2007-இல் பதிவு செய்தார்.

ஆனால் இவை எல்லாம் பார்த்துக் குறித்தவை. சந்தையைத் தானே அசைத்துப் பார்த்த ஆய்வு தென்னாப்பிரிக்காவின் லோஸ்கோப் அணைப் பகுதியில் நடந்தது. செசில் ஃப்ருத்தோவின் முனைவர் ஆய்வோடு சேர்ந்தது, 2009-இல் வெளியானது. இரண்டு வெர்வெட் கூட்டங்களில், ஒவ்வொன்றிலும் யாரும் மதிக்காத தாழ்ந்த தரத்து மந்தி ஒன்றைத் தேர்ந்து, அது வந்தால் மட்டும் உணவுப் பெட்டி திறக்கும்படி செய்தார்கள். பெட்டியில் இருந்தது கூட்டம் முழுவதற்குமான தீனி. சில நாளில் அந்த மந்திக்குப் பேன் பார்க்க ஆள் சேர்ந்தது. அது பிறருக்குப் பார்க்க வேண்டிய நேரமோ குறைந்தது. பிறகு இரண்டாவது மந்தி ஒன்றுக்கு வேறொரு பெட்டியைத் திறக்கும் உரிமை கொடுத்தார்கள். முதல் மந்தியின் மதிப்புச் சரிந்தது. அதன் குணமோ தரமோ மாறவில்லை, எதிரே இன்னொரு கடை திறந்தது, அவ்வளவுதான். என் பார்வையில் இத்துறையின் மிக அழகான சோதனை இதுவே.

பொது மக்களிடம் புகழ் பெற்றது வேறொன்று. சாரா பிராஸ்னன் எமரி பல்கலைக்கழகத்தில் டி வாலிடம் ஆய்வு மாணவியாக இருந்தபோது, 2003-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை: கல்லைக் கொடுத்தால் வெள்ளரித் துண்டு வாங்கிக்கொள்ளும் கப்புச்சின் குரங்கு, பக்கத்துக் குரங்குக்கு அதே கல்லுக்குத் திராட்சை கிடைப்பதைக் கண்டால் வெள்ளரியை மறுத்தது, சில வேளை கூண்டுக்கு வெளியே எறிந்தது. இது நியாய உணர்வா, கண்முன் திராட்சை இருந்தும் கிடைக்காத ஏமாற்றமா என்ற சர்ச்சை உடனே எழுந்தது. வேறு குழுக்கள் செய்த சோதனைகளில் முடிவுகள் ஒத்துவரவில்லை. நியாயம் என்ற சொல்லைச் சற்று அவசரமாகவே தூக்கிவிட்டார்கள். 2006-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கீத் சென், லாரி சாண்டோஸ் குழுவினர் கப்புச்சின்களுக்கு உலோக வில்லைகளைக் கொடுத்து, ஒரு பண்டத்தின் விலை குறைந்தால் அவை அதை அதிகம் வாங்குவதைக் காட்டினார்கள்.

இவ்வளவும் செய்யத் தெரிந்தவை தமக்குள் பண்டமாற்றில் ஈடுபடுமா என்றால், தயக்கம்தான். பிராஸ்னனும் குழுவினரும் 2008-இல் கண்டபடி, சிம்பன்சிகள் கையில் இருக்கும் உணவை எளிதில் விடுவதில்லை. மாற்றில் கிடைப்பது மிக நன்றாக இருந்தால் மட்டுமே கொடுக்கின்றன. வியப்பான விதிவிலக்கு லைப்சிக் விலங்குக் காட்சிச்சாலையின் டோக், பிம் என்ற இரு ஒராங்குட்டான்கள். தனக்குப் பயன்படாமல் மற்றதற்குப் பயன்படும் வில்லைகளை அவை மாறி மாறிக் கொடுத்துக்கொண்டன. ஒன்று குறைவாகக் கொடுத்தபோது மற்றதும் கையைச் சுருக்கியது. 2009-இல் வெளியான இந்தப் பதிவு இரண்டே விலங்குகளைப் பற்றியது என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் குரங்கு மொய் நோட்டு வைத்திருக்கிறதா? பெரும்பாலான ஆய்வாளர்கள் இல்லை என்கிறார்கள். யார் எவ்வளவு செய்தது என்ற கணக்கைவிட, செய்தவரிடம் ஒட்டிக்கொள்ளும் பிரியம் போதும்; பதிலுதவி அதிலிருந்தே வரும். ஆனால் பிறருடைய தரத்தைப் பற்றிய கணக்கு நிச்சயம் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த அனிந்திய சின்ஹா 1998-இல் நம் நாட்டுக்குரங்குகளிடம் இதைக் காட்டினார்: இரு மந்திகள் பேன் பார்த்துக்கொண்டிருக்கும்போது உயர்ந்த மந்தி ஒன்று நெருங்கினால், பெரும்பாலும் அவ்விரண்டில் தாழ்ந்ததே எழுந்து நகர்கிறது. தான் அருகிலிருப்பவளைவிட மேலா கீழா என்பது இரண்டுக்கும் தெரியும்.

ஆய்வகம் கற்றுத்தந்த வில்லை வணிகம் யாரும் கற்றுத்தராமல் நடக்கும் இடம் பாலித் தீவின் உலுவாட்டு கோயில். அங்குள்ள நீள்வால் குரங்குகள் பயணிகளின் கண்ணாடி, தொப்பி, கைபேசி ஆகியவற்றைப் பறித்து, கோயில் பணியாளர் தீனி நீட்டினால் திருப்பித் தருகின்றன. 2017-இல் ஃபானி புரோட்கோர்ன் குழுவினர், இது கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடும் கற்ற பழக்கம் என்று எழுதினார்கள். 2021-இல் ழான்-பாப்டிஸ்ட் லெக்கா குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, எந்தப் பொருளை மனிதர்கள் விலைமதிப்புள்ளதாக நினைக்கிறார்கள் என்பதை வயதில் மூத்த குரங்குகள் அறிந்து பறிக்கின்றன. குட்டிகளோ கிடைத்ததைப் பிடுங்குகின்றன. அனுபவசாலிகள் சில வேளை முதலில் நீட்டும் தீனியை வாங்குவதில்லை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தது வரட்டும் என்று காத்திருக்கின்றன.