நெய்வேலிக்குப் பக்கத்துலயே ஏன் லோ வோல்டேஜ்?

இன்னைக்கு எபிசோட் ரெண்டே ரெண்டு கணக்கைப் பத்தினது. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா மின்தடை, அது ஓம்ல வரும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா மின்திறன், அது வாட்ல வரும். பத்தாவதுல படிச்சதுதான். நான் இன்ஜினியரிங் முடிச்சுட்டு கோட் எழுதுற ஆள். காலேஜ்ல இதை மார்க்குக்காகப் போட்டதோட சரி. ஆனா கடலூர் மாவட்டத்தோட அறுபது வருஷ மின்சாரக் கதையை இந்த ரெண்டு கணக்கை வெச்சே சொல்லிடலாம்.

ஒரு வாத்தியாரும் ஒரு பீர் கம்பெனி வீட்டுப் பையனும்

முதல் கணக்கைக் கண்டுபிடிச்சவர் ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியில் கோலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர். அந்தக் கால பேட்டரியில் மின்னழுத்தம் நிலையா நிக்காது. அதனால கொதிக்கிற தண்ணியையும் ஐஸையும் வெச்சு, அந்த வெப்ப வித்தியாசத்துல இருந்து சீரான மின்னழுத்தம் எடுத்தார். விதவிதமான நீளத்துல கம்பிகளை மாட்டி அளந்தார். 1827-ல் புத்தகமா வந்துச்சு, ஆனா சொந்த நாட்டுல பெரிய வரவேற்பு இல்ல. 1841-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது.

அதே 1841-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல், பீர் காய்ச்சுற குடும்பத்துப் பையன், இன்னொண்ணைச் சொன்னார். கம்பி சூடாகுறது கரண்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. பத்து மடங்கானா நூறு மடங்கு. இந்த "நூறு மடங்கை" ஞாபகம் வெச்சுக்கோங்க.

நெய்வேலியின் 50 மெகாவாட்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1945-லேயே பொறியியல் படிப்பு தொடங்கிடுச்சு. அப்போ நெய்வேலியில் மின் நிலையம் கிடையாது. 1956-ல்தான் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. சோவியத் உதவியோட கட்டின அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1962-ல் ஓட ஆரம்பிச்சது. அதோட திறன் 50 மெகாவாட், அதாவது 5 கோடி வாட்.

இந்த 5 கோடி வாட்டை வெளியூருக்கு எப்படி அனுப்புறது? புரியுறதுக்காக லைனோட மொத்த மின்தடை 4 ஓம்னு வெச்சுக்கலாம். நிஜத்துல மூணு ஃபேஸ் வரும், ஆனா லாஜிக் மாறாது.

11,000 வோல்ட்டில் அனுப்பினா, 5 கோடியை 11,000-ஆல் வகுக்கணும். கிட்டத்தட்ட 4,545 ஆம்பியர். அதை 4 ஓமால் பெருக்கினா 18,180 வோல்ட். கையில இருக்கிறதே 11,000 வோல்ட்தான், வழியிலயே 18,180 போயிடணும்னா எப்படி? அனுப்பவே முடியாது!

1,10,000 வோல்ட்டில் அனுப்பினா? கரண்ட் பத்துல ஒரு பங்கு, சுமார் 454 ஆம்பியர். கம்பியில் சூடா வீணாகுறது 8 லட்சம் வாட் சொச்சம். மொத்தத்துல ரெண்டு சதவீதம்கூட இல்ல. வயலுக்கு நடுவுல அந்த ராட்சத டவர்கள் நிக்கிறதுக்குக் காரணம் இந்த வகுத்தல்தான்.

லைனோட கடைசி வீடு

ஆனா டவர் வீடு வரைக்கும் வராது. தெரு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அப்புறம் 230 வோல்ட்தான். வோல்ட் குறைஞ்சா கரண்ட் ஏறும். ஜூலோட கணக்கு அப்போ நமக்கு எதிரா வேலை செய்யும்.

ஒரு உதாரணம். ட்ரான்ஸ்ஃபார்மர்ல 230 வோல்ட், லைனோட கடைசியில 190 வோல்ட், ஓடுற கரண்ட் 20 ஆம்பியர். நடுவுல தொலைஞ்சது 40 வோல்ட். 40-ஐ 20-ஆல் வகுத்தா, கம்பியோட மின்தடை 2 ஓம். 40-ஐ 20-ஆல் பெருக்கினா, வழியில எரிஞ்சு போனது 800 வாட்.

வீட்டுல லைட்டு மங்கும், அவ்வளவுதான். வயல்ல போர் மோட்டாருக்கு நிலைமை வேற. இழுக்க வேண்டிய தண்ணி அதேதான், வோல்ட் மட்டும் குறைவு. அதனால மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், காயில் சூடேறிக் கருகும். தமிழ்நாட்டில் 1990-ல் இருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனா காயில் கட்டுற செலவு இலவசம் இல்ல. கம்பியோட மின்தடைக்கு லைனோட கடைசி விவசாயிதான் பில் கட்டுறார்.

இதுக்குத் தீர்வும் அதே கணக்குலதான் இருக்கு. 11,000 வோல்ட் லைனையே வயல் பக்கம் கொண்டுபோய், சின்னச் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்கிறது. 230 வோல்ட் ஓட வேண்டிய தூரம் குறையும், இழப்பும் குறையும்.

சைபரை எதால பெருக்கினாலும்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சது. கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தென்மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்புற நெய்வேலி இருக்கிறதும் இதே மாவட்டத்துலதான்.

அறுந்த கம்பியோட மின்தடை முடிவிலி. கரண்ட் சைபர். சைபரை எத்தனை வோல்ட்டால பெருக்கினாலும் சைபர் வாட்தான். எவ்வளவு தயாரிக்கிறோம்ங்கிறது பாதிக் கேள்வி. கடைசிக் கம்பம் வரைக்கும் போய்ச் சேருதாங்கிறது மீதி. தானேக்குப் பிறகு கடலூர் நகரத்தில் உலக வங்கி நிதியோட கேபிளை மண்ணுக்கடியில் பதிக்கிற வேலை நடந்ததுக்கு இதுதான் காரணம்.

1962-ல் தொடங்கின அந்த முதல் அனல்மின் நிலையத்தை 2020-ல் மூடிட்டாங்க. இனி சோலாரோ காற்றாலையோ எது வந்தாலும் சரி, கம்பிக்கு மின்தடை இருக்கத்தான் செய்யும். அதனால அடுத்த முறை "இத்தனை மெகாவாட் புதுத் திட்டம்"னு செய்தி வந்தா, லைனோட கடைசி வீட்டுல எத்தனை வோல்ட்னும் சேர்த்துக் கேளுங்க.