பறியும் பறிப்பும்

மீனை நீரிலிருந்து பறிப்பது பறி, இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது என்று ஏற்காட்டில் ஓர் அன்பர் கேட்டார். பேச்சு பறியில் தொடங்கவில்லை. தாங் காலத்துச் சீனக் கவிஞர் லியூ ஸோங்யுவானின் (773–819) ‘ஆற்றுப் பனி’யில் தொடங்கியது. மொத்தமே இருபது எழுத்து. பனி மூடிய ஆற்றில் ஒற்றைப் படகு, ஒரு கிழவன், ஒரு தூண்டில். 805இல் ஆட்சி கைமாறியதும் தலைநகரிலிருந்து விரட்டப்பட்டு யோங்ஜோவில் பத்தாண்டு கிடந்தவர் லியூ. அந்தக் கிழவன் அவரேதான் என்று கொள்வாரும் உண்டு. நம் அன்பரோ கிழவனை விட்டுவிட்டு மீன்பறியைப் பிடித்துக்கொண்டார். பாட்டில் பறியே இல்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கு அந்த வேர் இனித்ததில் வியப்பில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தது முதல், கார்த்திகை பிறந்தால் அங்கே காதில் ஓயாமல் விழும் வினை பறித்தல்தான். பழம் பறிக்கிற ஊரில் மீனையும் பறிக்கத் தோன்றும்.

பறியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். மூங்கில் சிம்புகளை நெருக்கி முடைந்த நீளக் கூடு அது. வாய் அகலம், வால் ஒடுக்கம். வாய்க்குள்ளே குவிந்த இன்னொரு வாய் இருக்கும். அதன் சிம்பு முனைகள் உள்நோக்கி நிற்கும். தண்ணீர் பாயும் மடையில் வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடலாம். முனைகளை விலக்கிக்கொண்டு மீன் தானே நுழைகிறது. திரும்பினால் அதே முனைகள் முகத்தில் குத்தும். இதில் பறிப்பவர் யார்? வற்றிய குளத்தில் இடுப்பளவு சேற்றில் இறங்கி, கூடையைக் கவிழ்த்து அழுத்தி, மேல் துளை வழியே கைவிட்டு மீனை இழுத்தெடுக்கிறார்களே, அதுவல்லவா பறிப்பு! அந்தக் கூடைக்குப் பெயர் ஊத்தா. வினைதான் பெயர் கொடுத்ததென்றால் ஊத்தாவுக்கல்லவா பறி என்ற பெயர் போயிருக்க வேண்டும்?

சங்க நூல்களைப் புரட்டினால் அன்பர் கட்சி இன்னும் இளைக்கும். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடிசை முற்றத்தில் இருப்பது மீன் பிடிக்கும் பறி. சரி. நற்றிணை 142இல் இடைக்காடனாரின் இடையனும் பறி வைத்திருக்கிறானே, அவன் எந்த மீனைப் பறித்தான்? குறுந்தொகை 221இல் பால் கொண்டுவந்து கூழோடு திரும்பும் இடைமகன் கையிலும் பறிதான். அங்கெல்லாம் பறி என்பது பனையோலைப் பாய். நற்றிணை இடையனைக் கவனிக்க வேண்டும்: தீக்கடைகோலையும் மற்றவற்றையும் தோலில் சுருட்டிப் பறியோடு முதுகில் இட்டிருக்கிறான், தூவானம் ஒரு பக்கம் நனைக்க, கோலை ஊன்றித் தனியே நின்று சீழ்க்கையடிக்கிறான். தீக்கோல் நனைந்தால் இரவுக்கு நெருப்பில்லை. பறி அவன் மழைக்காப்பு. பனையோலையைப் பறித்து முடைவதால் பறி என்று இதற்கும் ஒரு சமாதானம் வரும். ஓலையை வெட்டுவார்கள் ஐயா, பறிப்பதில்லை.

இனிச் சீனக் கிழவனிடம் திரும்பலாம். அவன் மேல் இருப்பவை இரண்டு: தலையில் ‘லி’ என்ற தொப்பி, உடம்பில் ‘சுவோ’ என்ற மழைப் போர்வை. ‘லி’யின் எழுத்துக்கு மேலே மூங்கில் குறி நிற்கிறது, ‘சுவோ’வுக்கு மேலே புல் குறி. அந்தப் புல்லை நீக்கினால் மிஞ்சும் எழுத்தே பழங்காலத்தில் மழைப் போர்வையைக் குறித்ததுதான். பின்னால் அது ‘தளர்தல்’ என்ற பொருளுக்குப் போய்விடவே, போர்வைக்குப் புல்லைச் சூட்டி வேறு எழுத்தாக்கினார்கள். சுவோவை வைக்கோலிலும் முடைந்தார்கள், பனை வகை மரத்து நாரிலும் முடைந்தார்கள். பனைப்பொருளால் முடைந்து முதுகில் இட்டுக்கொள்ளும் மழைக்காப்புக்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் இருக்க, மொழிபெயர்ப்பாளர் ‘மழைக்கோட்டு’ என்று ஏன் எழுத வேண்டும்? தூறலில் சாக்கின் ஒரு மூலையை மடித்துத் தலையில் கவிழ்க்கும் கொங்காடையும் இந்தக் குடும்பத்துத் தம்பிதான். தெற்கே அது கொங்காணி. கொங்கு நாட்டார் ஆடையே கொங்காடை என்பாரோடு மல்லுக்கு நிற்க இங்கே இடமில்லை.

மீனவன் வாழ்வைப் பாடிய இன்னொரு தாங் கவிஞர் ஜாங் ஜிஹெ. அவர் இரை கோக்காமலே தூண்டில் போட்டாராம். கருத்து மீனில் இல்லை என்கிறது அவர் வரலாறு. பறிப்புக் கட்சிக்கு அவரும் உதவமாட்டார்.

மீன்கூடும் ஓலைப்பாயும் ஒரே பெயரில் நிற்பதற்கு இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: முடைதல். என் கட்சி அதுதான். துணைக்குப் பரிசலை அழைப்பேன். அதே சேலம் மாவட்டத்து மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீனவர் வலை போடப் போவது பரிசலில். அதுவும் முடைந்த மூங்கில் கூடைதான். கன்னடத்தார் அதை ஹரிகோலு என்பர். பகரம் அங்கே ஹகரமாவது யாவரும் அறிந்தது. கேடயத்துக்கு வழங்கும் பரிசை என்ற பெயரையும் இந்த வரிசையில் வைப்பேன். ரகரம் எங்கே, றகரம் எங்கே என்று இலக்கணக்காரர் எழுந்து நிற்பார். கருமையும் கறுப்பும், முரிதலும் முறிதலும் எப்படி உறவாயின என்பதை அவர் முதலில் விளக்கட்டும். அதுவரை பறியும் பரிசலும் ஒரு வேரின் கிளைகள் என்பதிலிருந்து நான் அசைவதாக இல்லை.