குழந்தை டிரஸ்ஸுக்கு வீட்டிலேயே லேபிள் செய்வது எப்படி? எங்கே தைத்தால் உறுத்தாது?

பேத்திக்குப் பாவாடை சட்டை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஜப்லா என்று ஆரம்பித்து, இப்போது வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் எடுத்துத் தைக்கிறவர்கள் நிறைய பேர். கொஞ்சம் பெயர் கிடைத்ததும் வருகிற ஆசை, நம்ம பெயரில் ஒரு லேபிள். திருப்பூரில் ஆர்டர் கொடுத்தால் நெய்த லேபிளே செய்து தருவார்கள். ஆனால் மொத்தமாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். மாதம் பத்து உருப்படி தைப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. வீட்டிலேயே செய்வதும் கஷ்டமில்லை. அதற்கு முன்னால், அது குழந்தையின் தோலில் படும் பொருள் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

துணியில் குறி, தோலில் அரிப்பு

இது புதுப் பிரச்சினை இல்லை. அந்தக் காலத்தில் யார் வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிய, சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஆனால் அந்தச் சாறு சிலருக்குக் குறி பட்ட இடத்தில் அரிப்பையும் கொப்புளத்தையும் கிளப்பிவிடும். மருத்துவ நூல்களிலேயே இது பதிவாகியிருக்கிறது.

2008-ல் அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதை. துணி லேபிளுக்குப் பதிலாகச் சூட்டில் ஒட்டி அச்சிட்ட குழந்தை உடைகளைப் போட்ட சில குழந்தைகளுக்கு முதுகின் மேல்பகுதியில் தடிப்பு வந்தது. அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெற்றோரை எச்சரித்தது. வெறும் எழுத்தாக இல்லாமல், பின்னணி முழுக்க நிரப்பி அச்சிட்ட லேபிள்கள்தான் அங்கே சிக்கலாக இருந்தன.

நாடாவா, சாட்டின் ரிப்பனா?

பார்க்க அழகு சாட்டின் ரிப்பன்தான். ஆனால் வெட்டிய ஓரம் பிரியும். பிரியாமல் இருக்க மெழுகுவர்த்தியில் காட்டினால் ஓரம் உருகி, கெட்டியாகி, முள் மாதிரி குத்தும். தையல் சாமான் கடையில் கிடைக்கிற காட்டன் நாடாவே போதும். அகலம் 2 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. முதலில் வெந்நீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பிறகு நாடா மட்டும் சுருங்கி, டிரஸ்ஸின் தையலை இழுத்துப்பிடிக்கும்.

அச்சிடுவது எப்படி?

சுலபமான வழி, டி-ஷர்ட் டிரான்ஸ்ஃபர் பேப்பர். ஒரு லேபிள் 2-க்கு 6 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஏ4 தாளில் சுமார் 40 எடுக்கலாம். வெளிர் நிறத் துணிக்கான பேப்பரில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி அச்சிட வேண்டும். பலரும் முதல் தாளை வீணாக்குவது இங்கேதான். இன்னொன்று, இங்க்ஜெட் பிரின்டருக்கான பேப்பரை லேசர் பிரின்டரில் விட்டால் உள்ளேயே உருகி மிஷின் கெட்டுவிடும். இஸ்திரி போடும்போது நீராவி வேண்டாம். மேசை மேல் வைத்து நன்றாக அழுத்துங்கள், மெத்தை மேல் வேண்டாம்.

இதில் ஒரு குறை உண்டு. எழுத்தோடு சேர்ந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலமும் ஒட்டும். அதனால் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ரப்பர் ஸ்டாம்ப் மேல். பெயரையும் அளவையும் ஸ்டாம்பாகச் செய்து, தண்ணீர் சேர்ந்த துணி மையில் தொட்டு நாடாவில் குத்தலாம். நன்றாகக் காய்ந்ததும் பின்பக்கமாக இஸ்திரி போட்டால் மை பிடித்துக்கொள்ளும். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மை வேண்டவே வேண்டாம், ஒரே துவையலில் டிரஸ் முழுக்க ஊறிவிடும். எந்த முறையாக இருந்தாலும் ஒரு மாதிரியை ஐந்து முறை துவைத்துப் பார்த்த பிறகே ஆர்டரில் தைக்கலாம்.

எங்கே தைப்பது?

கழுத்தில் வேண்டாம். இடது பக்கத் தையலுக்குள், கீழ் மடிப்பிலிருந்து 6, 7 சென்டிமீட்டர் மேலே நல்ல இடம். நாடாவை இரண்டாக மடித்து இரு முனைகளையும் தையலுக்குள் கொடுத்துவிட்டால் வெட்டிய ஓரம் வெளியே வராது. கழுத்தில்தான் வேண்டும் என்று யாராவது கேட்டால், மடித்துத் தொங்கவிடும் லேபிளில் ஒரு பாதியைத் தலைகீழாக அச்சிட வேண்டும், அப்போதுதான் இரு பக்கமும் நேராகப் படிக்க வரும். கண்ணாடி மாதிரி இருக்கும் நைலான் நூலால் மட்டும் தைக்காதீர்கள். ரெடிமேட் சட்டையில் லேபிளை வெட்டிய பிறகும் குத்துவது பெரும்பாலும் அந்த நூலின் நுனிதான்.

என்ன எழுதலாம்?

உங்கள் பிராண்ட் பெயர், அளவு, துணி வகை, துவைக்கும் முறை. தொட்டி படம் துவைப்பதற்கு, முக்கோணம் பிளீச்சுக்கு, சதுரம் உலர்த்துவதற்கு, இஸ்திரிப் பெட்டி இஸ்திரிக்கு, வட்டம் டிரை கிளீனிங்குக்கு. துணிக்கடைக்காரர் சொன்னார் என்பதற்காக '100% காட்டன்' என்று போட்டுவிடாதீர்கள். பிரின்ட் துணிகளில் பாலியஸ்டர் கலப்பு சகஜம்.

குழந்தையின் பெயரையும் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். போடலாம், உள்பக்கம் மட்டும். வெளியே தெரிகிற மாதிரி இருந்தால், முன்பின் தெரியாதவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குழந்தையிடம் பழக முடியும்.

பாக்கெட் போட்டு விற்பவர்களுக்கு 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் உண்டு. தயாரிப்பாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி போன்றவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னும் கறார். 12 வயது வரையுள்ள குழந்தைகளின் பொருட்களில் யார், எங்கே, எப்போது தயாரித்தது என்று கண்டுபிடிக்க உதவும் விவரம் அழியாதபடி இருக்க வேண்டும் என்று 2008-ல் வந்த சட்டம் சொல்கிறது. ஒரு தொகுப்புக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணையும் தைத்த மாதத்தையும் நோட்டில் குறித்து வந்தால் கணக்கு சரியாக இருக்கும்.