புல் முளைக்க விடாத நிலம்

ஒரு பழிச்செயலை ஊரார் மறந்துவிட்டால், அதன்மேல் புல் முளைத்துவிட்டது என்பது ஜெர்மானியர் வழக்கு. பெர்லின் மாநகரின் நடுவே அவ்வாறு புல் மூடிக் கிடந்த நிலம் ஒன்று உண்டு. அதனைத் தோண்டித் திறந்து உலகோர் பார்வைக்கு வைத்த வரலாறு, சொல்லால் நினைவைக் காக்கும் கவிஞர்கள் அறியத்தக்கதாகும்.

அந்நாளில் அத்தெருவின் பெயர் பிரின்ஸ் ஆல்பிரெக்ட் தெரு. அதன் எட்டாம் எண் மாளிகை கலைத்தொழிற் பள்ளிக்கென எழுப்பப்பட்டது. 1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும் கெஸ்டாப்போ என்னும் இரகசியப் போலீஸ் அங்கே குடிபுகுந்தது. அடுத்திருந்த விடுதியில் ஹிம்லரின் எஸ்.எஸ். தலைமையகமும், அருகிலிருந்த அரண்மனையில் ஹைட்ரிக்கின் உளவுப் பிரிவும் அமைந்தன. 1939இல் இரகசியப் போலீசும் குற்றப் போலீசும் உளவுப் பிரிவும் ஒரே தலைமை அலுவலகத்தின்கீழ் இணைக்கப்பட்டன. மனிதரைச் சிறைமுகாமுக்கு அனுப்பும் ஆணைகளும், யூத மக்களை நாடுகடத்தும் ஆணைகளும் அவ்வலுவலகத்தின் பெயராலேயே பிறந்தன. கொலை அங்கே கோப்பாகவும் முத்திரையாகவும் கையொப்பமாகவும் நடந்தது.

அம்மாளிகையின் உள்ளேயே சிறையும் இருந்தது. 38 தனியறைகள், ஒரு பொது அறை. 1944 அக்டோபரில் அங்கே கொண்டுவரப்பட்டவர்களுள் ஒருவர் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். அவ்வாண்டு டிசம்பரில், தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு எழுதிய கடிதத்துடன் புத்தாண்டுக்கான கவிதை ஒன்றையும் அவர் இணைத்தனுப்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். கவிதையோ பின்னர் இசையமைக்கப்பெற்று, ஜெர்மானியத் தேவாலயங்களில் இன்றும் பாடப்படுகின்றது.

போரில் சிதைந்த அக்கட்டிடங்களின் எச்சங்கள் பின்னர் இடித்து அகற்றப்பட்டன. 1961இல் அத்தெருவை ஒட்டியே பெர்லின் சுவர் எழுந்தது. சுவரின் மேற்குப்புறத்தில் எஞ்சிய வெற்று நிலத்தில் இடிபாட்டு மண் குவிக்கப்பட்டது; ஓட்டுநர் உரிமம் இல்லாதவர்கள் கார் ஓட்டிப் பழகும் திடலும் அங்கே அமைந்தது. சக்கரங்களின் கீழே என்ன புதைந்துள்ளது என்பதை அறிவிக்க ஒரு பலகைகூட நெடுங்காலம் இல்லை.

இம்மறதியைப் பொறாத குடிமக்கள் சிலர் 1985 மே 5 அன்று மண்வெட்டிகளுடன் அங்கே கூடினர். புல் முளைக்க விடோம் என்பதை உணர்த்தும் அடையாளச் செயலாக நிலத்தைத் தோண்டினர். மறு ஆண்டில் முறையான அகழ்வு நடந்தபோது நிலவறைச் சுவர்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. 1987இல் பெர்லின் நகரின் 750ஆம் ஆண்டு விழாவையொட்டி, வரலாற்றறிஞர் ரைன்ஹார்ட் ரூருப்பின் தலைமையில், ‘பயங்கரத்தின் நிலவியல்’ என்னும் பொருள்படும் பெயருடன் அங்கே கண்காட்சி தொடங்கிற்று. தற்காலிகமாகவே எண்ணப்பட்ட அது, மக்கள் காட்டிய ஆர்வத்தால் நிலைபெற்றது. 1992இல் அதற்கென அறக்கட்டளை உருவாயிற்று.

ஆயினும் நிலையான கட்டிடம் எளிதில் அமையவில்லை. பீட்டர் சும்டோர் வரைந்த கட்டிடத்தின் வேலை பாதியில் நின்றது. எழுப்பிய பகுதியும் 2004இல் இடிக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் மக்கள் திறந்த வெளியில், நிலவறைச் சுவரோரம் நின்றே ஆவணங்களைப் படித்தனர். 2010 மே மாதத்தில்தான் புதிய கட்டிடம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை.

பலியானோரின் நினைவிடங்கள் பல உள்ளன. இது பலிகொண்டோரின் இடம். கொடியோரின் முகங்களைக் காட்டினால் அவர்க்குப் பெருமை சேராதா என்னும் ஐயம் எழக்கூடும். கண்காட்சி அதற்குத் தன் எளிமையாலேயே விடை கூறுகின்றது. மெழுகுப் பொம்மைகளோ பகட்டான காட்சியமைப்போ அங்கே இல்லை. படங்களும் ஆவணங்களும் அவற்றின் விளக்கங்களுமே உள்ளன. தெருவில் ஒருவர் அவமதிக்கப்படுகையில் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் சாதாரண மனிதரின் முகங்களும் அப்படங்களில் உண்டு. பார்ப்பவர் அம்முகங்களில் அரக்கரைத் தேடி, அயலாரைக் காண்கின்றார்.

நிலவறையில் பிறந்த கவிதை கைதியின் குரலைக் காத்தது. கதவைப் பூட்டியவர் யார், ஆணையில் கையொப்பமிட்டவர் யார் என்பதை அக்கவிதை சொல்லவில்லை. சொல்வது அதன் கடனும் அன்று. அதைச் சொல்லுதற்கே அந்த நிலம் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றது. குரலும் பெயர்ப்பட்டியலும் சேர்ந்தாலன்றி நினைவு முழுமை பெறுவதில்லை.